மவுஸைத் தொடாத வாத்தியார்

2000-ஆம் வருஷம் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தின வருஷம்வரை அது எஸ்.டி.டி. பூத். மஞ்சள் போர்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ‘இன்டர்நெட்’ என்று ஒரு தகரம் மட்டும் புதிதாக முளைத்திருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு போன் லைன். விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் ஒரு இணைப்பை மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற வசதி வந்திருந்ததால் மூன்றும் ஓடின. ஓடின என்பது பெரிய வார்த்தை, நகர்ந்தன. மணிக்கு 40 ரூபாய்.

காலேஜ் பையன்களுக்கு என் தயவு தேவைப்படவில்லை. ஒருத்தன் யாஹூ சாட்டில் நுழைந்தால் மறுநாள் அவன் கிளாஸே நுழைந்துவிடும். என்னிடம் வந்தவர்கள் வேறு ரகம். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில், சிங்கப்பூரில். ஐ.எஸ்.டி. போட்டால் நிமிஷத்துக்கு ஐம்பது அறுபது ரூபாய் எகிறும் என்பதால், “இ-மெயில் பாத்துக்கோங்க” என்று அங்கிருந்து சொல்லிவிடுவார்கள். இவர்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுவார்கள். போனில் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருப்பார்கள்: பெயர், அப்புறம் ‘அட் த ரேட்’ என்று எழுத்திலேயே, அப்புறம் ‘ஹாட் மேல்’ என்று இரண்டு வார்த்தையாக.

முதல் மாதம் நான் செய்த தப்பு, விளக்கியது. உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களெல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்று நோட்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவேன். ஒரு மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும்ப்பா, எம் பையன் என்ன எழுதியிருக்கான்?” என்றார். அன்றோடு வட்டம் போடுவதை விட்டேன்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். அவர்கள் தடுமாறும்போது பொறுக்காமல் மவுஸைப் பிடுங்கி நானே செய்துவிடுவேன். வேலை முடியும், அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். அடுத்த வாரம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இதைக் கண்டுபிடிக்க வைத்தவர் ஒரு ரிடையர்டு தமிழாசிரியர். ஊரில் எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மூன்றாவது நாள் நான் மவுஸுக்குக் கை நீட்டியதும், “எழுத்து சொல்லிக்கொடுக்கறப்ப பையன் கையப் புடிச்சு எழுதலாம், பையனுக்குப் பதிலா எழுதக் கூடாது தம்பி” என்றார். அதற்குப் பிறகு யார் உட்கார்ந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். சொன்னால் சுலபம், நின்று பார்த்தால்தான் தெரியும் அந்த அவஸ்தை.

மவுஸ் பழக்கத்துக்கு சாலிட்டேர்தான். சீட்டை இழுத்து இன்னொரு சீட்டின் மேல் போடுவதற்குள் விரலுக்கு எல்லாம் வந்துவிடும். சார் மட்டும் கோபித்துக்கொண்டார்: “இந்த வயசுல சீட்டாடவா இங்க வந்தேன்?” அவருக்காகக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற பெயிண்ட் புரோகிராமைத் திறந்து ‘அ’ போடச் சொன்னேன். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்ததும் அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்பது சொன்னால்தான் தெரியும், யாருக்குமே. டபுள் கிளிக்கும் அப்படித்தான்: முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுவார்கள். “கதவு தட்டற மாதிரி, டக் டக்” என்றால் பிடித்துக்கொள்வார்கள்.

ஹாட்மெயிலில் கணக்கு திறப்பது ஒரு மணி நேர வேலை. படிவத்தில் நாடு என்ற இடத்தில் அமெரிக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதை மாற்ற மறந்தால் நம் ஆறு இலக்க பின்கோடை ஏற்காமல் சிவப்பில் திட்டும். அதையெல்லாம் தாண்டி பாஸ்வேர்டுக்கு வந்தால், “நான் அடிச்சது வரலையே, நட்சத்திரமால்ல வருது” என்பார்கள். ஒளித்துவைக்கத்தான் அப்படி என்றால், இந்த அறையில் யாரிடமிருந்து ஒளிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று நானே எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தேன். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நாள் அந்த நோட்டு கல்லா மேல் விரித்தபடி கிடந்ததை வாடிக்கையாளர் ஒருவர் புரட்டிக்கொண்டிருந்தார். விஷமம் எதுவும் நடக்கவில்லை. அன்று இரவே கிழித்துப் போட்டுவிட்டு, அவரவர் டைரியில் அவரவரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சார் தன் பெண்ணுக்கு எழுதிய முதல் கடிதம் இருக்கிறதே, அது தனிக் கதை. முதலில் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். தமிழில் அடிக்க முடியாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ழகரத்துக்கு என்ன செய்வது என்று பத்து நிமிஷம் விவாதித்தோம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஒற்றை விரலில், முக்கால் மணி நேரம். ‘செண்டு’ அழுத்திய நேரத்தில் மாடியில் முதலாளி வீட்டம்மா யாருக்கோ போன் செய்ய ரிசீவரை எடுத்துவிட்டார். இன்டர்நெட்டும் அதே லைனில்தான் ஓடியது. லைன் போச்சு. ‘பேக்’ அழுத்தி முந்தின பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் கடிதம் எழுதிய கட்டம் வெறுமையாக இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை. அன்று முதல் யாரானாலும் முதலில் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற நோட்பேடில் அடிப்பது, சேமிப்பது, பிறகு லைன் போடுவது, காப்பி செய்து ஒட்டுவது என்று மாற்றினேன். லைன் இல்லாமல் அடிக்கிற நேரத்துக்குப் பாதிக் காசு. முதலாளி முணுமுணுத்தார், ஆனால் கூட்டம் கூடியதும் விட்டுவிட்டார்.

தமிழ் படிக்கவாவது முடியுமா என்றால் அதுவும் பாடுதான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி ஃபாண்ட், அதாவது எழுத்துரு. அதை இறக்கிப் போடாவிட்டால் திரை முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் அறிவித்திருந்தார்கள். எங்கள் மூன்று கம்ப்யூட்டருக்கு அந்தச் சேதி எட்டவில்லை. நான் ஃப்ளாப்பி ஒன்றில் ஏழெட்டு ஃபாண்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு மேசைக்கு மேசை அலைந்தேன்.

பெண் பதில் போட்டாள். கூடவே பேரக் குழந்தையின் படம். மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆள் இருந்ததால் படம் மேலிருந்து பட்டை பட்டையாகத்தான் இறங்கியது: முதலில் சுவர், பிறகு தலைமுடி, நெற்றி. நெற்றியோடு நின்றுவிட்டது. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து மேசைப் பையன் என்ன புரிந்துகொண்டானோ, தன் பக்கத்தை மூடிவிட்டு சும்மா உட்கார்ந்தான். கண் வந்தது, மூக்கு வந்தது. “எங்கம்மா ஜாடை” என்றார்.

அப்புறம் வாரம் ஒரு படமாக வந்து ஹாட்மெயிலின் 2 எம்.பி. நிரம்பியது. பெண் அனுப்பியதெல்லாம் அவளுக்கே திரும்பிப் போனது. பழசை அழிக்கச் சொன்னபோது முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில், படங்களை அவர் பெயர் எழுதிய ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுப்பது, கடிதங்களைப் பிரிண்ட் எடுப்பது என்று ஒப்பந்தம். பக்கத்துக்கு 5 ரூபாய், டாட் மேட்ரிக்ஸில் கிர் கிர் என்று.

ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், வருகிற தபாலெல்லாம் குத்திவைக்கிற வளைந்த கம்பி தொங்கியது. அடியில் பழுத்துப்போன கார்டும் இன்லண்டும். அதற்கு மேலே, ஓட்டை வரிசை கிழிக்காத எங்கள் பிரிண்ட் காகிதங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வந்த தேதி, பதில் போட்ட தேதி, சிவப்பு மையில்.