குரக்கன் புட்டும் கூஸ்கூஸும்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வன்னியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் புத்தகத்திலிருந்த ஸ்ரோபெரியும் சீஸும் வெறும் படங்கள்தான். சொல்லைப் பாடமாக்கினோம், சோதனையில் எழுதினோம். அது இனிக்குமா புளிக்குமா, எதில் செய்வது, எதோடு சாப்பிடுவது என்று கேட்டிருந்தால் வகுப்பில் ஒருவருக்கும் பதில் தெரிந்திராது. இன்று ஊர்ப் பாடசாலைக்கு ஆங்கில உணவுச் சொற்களுக்கான பட அட்டைகள் அனுப்ப நினைக்கும் பழைய மாணவர்கள், அந்த அட்டை வகுப்பில் என்ன வேலை செய்யப்போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தரம் 1, 2 இல் ஆங்கிலம் செயற்பாடுகளோடு வாய்மொழியாகவே நடக்கும். புத்தகம் வைத்து முறையாகத் தொடங்குவது தரம் 3 இல். அந்த வயதுக்கு ஒரு பாடவேளையில் ஆறு புதுச் சொல் போதும். ஆனால் ஆறும் பழமாகவோ ஆறும் மரக்கறியாகவோ இருந்தால் பிள்ளை ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்லும். ஒரே இனச் சொற்களைச் சேர்த்துப் புதிதாகப் படிப்பது, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிடக் கடினம் என்று 1993 இல் ரிங்கமும் 1997 இல் வாரிங்கும் செய்த ஆய்வுகள் காட்டின. அதனால் ஒரு உணவை எடுத்து, அதன் மா, சமைக்கும் விதம், சுவை, கூடச் சாப்பிடும் கறி என்று சொற்களைக் கட்டுவது நல்லது.

முதலில் ஊர்ச் சாப்பாடு. குரக்கன் புட்டை வைத்து நான்கு கேள்வி: எதில் செய்தது, எப்படிச் சமைத்தது, சுவை என்ன, எதோடு சாப்பிடுவது? இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகிய பிறகே கூஸ்கூஸ் படத்தைக் காட்ட வேண்டும். கட்டாயம் "புட்டு!" என்றுதான் பிள்ளைகள் கத்துவார்கள். பிழை என்று அடக்க வேண்டாம். கூஸ்கூஸும் கோதுமை ரவையில் தண்ணீர் தெளித்துச் சிறு மணியாக உருட்டி ஆவியில் அவிப்பதுதான். தேங்காய்ப்பூ இல்லை, மேலே மரக்கறியும் இறைச்சியும் போட்ட குழம்பு வரும். அல்ஜீரியா, மொறோக்கோ, துனீசியா, மொரிற்றானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து 2020 இல் அதை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏற்றின. எத்தியோப்பியாவின் இஞ்செராவும் இதற்கு நல்ல பாடம். ரெஃப் என்ற சிறு தானியத்தின் மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது, அப்பம்போல மேலெல்லாம் துளை இருக்கும், கறியை அதன் மேலேயே பரிமாறுவார்கள். சுஷியைப் பச்சை மீன் என்று சொல்லிக்கொடுப்பது பிழை. வினாகிரி கலந்த சோறுதான் அதற்கு அடிப்படை. சோறு இல்லாத பச்சை மீன் துண்டு சஷிமி.

மற்றப் பண்பாடு என்றால் ஜப்பான் வரை போகத் தேவையில்லை. முஸ்லிம் வீட்டு வட்டலப்பமும் சிங்கள வீட்டுக் கிரிபத்தும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ரொட்டியும் வன்னியிலேயே இருக்கின்றன. பாலைப்பழத்தையும் விடக்கூடாது. ஆங்கிலப் பாடநூல்களில் அதற்குப் படம் கிடைப்பது அரிது. மஞ்சள், சின்னது, இனிப்பு, உதட்டில் ஒட்டும் என்று பிள்ளை தானாக விளக்க வேண்டியிருப்பதால், அதுவே மிகச் சிறந்த பயிற்சி.

உச்சரிப்பில் பெரிய இடைஞ்சல், கொப்பியில் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதுவது. நம் வழக்கில் தேநீருக்கான சொல் 'ரீ', இனிப்புக்கானது 'ரொபி'. அடுத்த நாள் பிள்ளை எழுத்தைப் பார்த்து அப்படியே 'ர' போட்டு வாசிக்கும். ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலியில் தொடங்கும் பீன்ஸ், பீஸ் இரண்டுக்கும் தமிழில் ஒரே 'பீ'. ஆகவே முதலில் காது, பிறகு வாய், அதன் பின்பே ஆங்கில எழுத்து. இலக்கணத்தில் "ஐ லைக்" என்பதற்குப் பதிலாக "ஐ ஆம் லைக்" என்று சொல்வதைத் தொடக்கத்திலேயே திருத்தாவிட்டால் ஏ.எல். வரை கூட வரும். 'ரூ பிரெட்ஸ்' என்று எண்ணுவதைத் திருத்த, ஒரு றாத்தல் பாண் ஒன்றை மேசையில் வைத்து வெட்டினால் போதும்: முழுதாக இருக்கும்போது 'லோஃப்', வெட்டிய பின் 'ஸ்லைஸ்'.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று தனிப்பிள்ளையிடம் கேட்கவே கூடாது. வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளை அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும், அல்லது வாயே திறக்காது. "எங்கள் ஊரில் என்ன சமைப்பார்கள்?" என்று கேட்டால் எல்லோரும் பேசலாம். பிறர் உணவைப் பார்த்து "சீ" என்பதற்குப் பதிலாக "நான் இன்னும் சாப்பிட்டுப் பார்க்கவில்லை" என்ற ஆங்கில வசனத்தை முதல் வாரமே பழக்க வேண்டும். சுவைத்துப் பார்க்கக் கொடுப்பதானால் கச்சான், இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஜெலற்றின் சேர்ந்தவை வேண்டாம்.

விலைகூடிய அட்டைகளில் ஸ்ரோபெரியும் அப்பிளும் ஒரே அளவில் அச்சாகியிருக்கும், பிள்ளை அப்படியே நம்பிவிடும். பக்கத்தில் ஒரு கையோ கரண்டியோ இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடப் பயனுள்ளது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுப்பர்மார்க்கெற்றுகள் வெளியிடும் விலைப் பிரசுரம். ஒரே பிரசுரத்தில் இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றில் விலைகளை மறைத்துவிட்டால், இரண்டு பிள்ளைகள் முதுகுக்கு முதுகு இருந்து ஒருவர் கேட்க மற்றவர் விலை சொல்லலாம்.