லேப்டாப் வேணாம், ஒரு டெஸ்க்டாப்பும் ஒரு டேப்லட்டும் எடுங்க

வருஷக் கடைசி ஆனா டியூஷன் பிள்ளைங்களோட பெத்தவங்க என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான். டீச்சர், பையன் ஃபார்ம் ஃபோர் போறான், என்ன லேப்டாப் வாங்கலாம்? அவன் அத பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவானான்னு கேட்டா இல்லம்பாங்க, வீட்டுலயேதான் இருக்குமாம். அப்படின்னா லேப்டாப் எதுக்கு, அதே காசுல ஆபீஸ்ல ஓடின பழைய டெஸ்க்டாப் ஒண்ணும் பேனாவோட வர்ற டேப்லட் ஒண்ணும் எடுத்துடலாமேன்னு நான் சொல்வேன். உடனே முகம் மாறிடும், டெஸ்க்டாப்பா, அதெல்லாம் அந்தக் காலம் ஆச்சேன்னு. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன், ஏன்னா நான் கேள்வித்தாள் தயார் பண்றது, கட்டுரை திருத்தறது, கோயில் திருவிழா நோட்டீஸ் போடறது எல்லாமே இந்த ரெண்டுலதான்.

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற எங்க சுங்கை சிப்புட்டுல தோட்டத்துல இருந்து தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துட்ட குடும்பமும் இருக்கு, இன்னும் எல்ஃபில், டோவன்பி பக்கம் தோட்டத்துலயே இருக்கற குடும்பமும் இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரு வீட்டுல ரெண்டு மூணு பேரு படிக்கறாங்க. 2020 மார்ச்ல கோவிட்டுக்காக பிகேபின்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டப்ப என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு, அவரு வந்தப்புறம் தங்கச்சி பாடத்த முடிச்சாதான் அண்ணனுக்கு. அத பாத்ததுல இருந்து எனக்கு இதுல பிடிவாதமே வந்துடுச்சு. ஒரு லேப்டாப் வாங்கினா ஒரு பிள்ளைக்குத்தான் ஆகும். மேசையில ஒண்ணும் கையில ஒண்ணும் இருந்தா பெரியவன் டைப் பண்ணிட்டு இருக்கறப்பவே சின்னது டெலிமாவுல, அதாவது கல்வி அமைச்சோட ஆன்லைன் தளத்துல, பாடம் பாக்கலாம்.

டெஸ்க்டாப்னா புதுசா எடுக்க வேணாம். பெரிய கம்பெனிங்க குத்தகை முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் இதெல்லாம் துடைச்சு சரி பண்ணி விக்கறாங்க, ஈப்போ யிக் ஃபூங் கம்ப்யூட்டர் கடைங்கள்ல ஒரு சுத்து சுத்தினா விலை தெரிஞ்சிடும். இன்டெல் சிப்புல எட்டாவது தலைமுறைக்குக் கீழ போகாதீங்க, விலை எவ்வளவு கொறைஞ்சாலும் சரி. விண்டோஸ் 10க்கு வழக்கமா வந்துட்டு இருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுடுச்சு, விண்டோஸ் 11 எட்டாவது தலைமுறைக்கு முந்தின சிப்புல முறைப்படி ஏறாது. ஐ5 8500னு போட்டிருந்தா அது எட்டாவது தலைமுறை சிப்பு, அதுல ஆறு கோர் இருக்கு, படிக்கற பிள்ளைக்கும் என் வேலைக்கும் அது தாராளம். ரேம் பத்தலன்னா மூடியத் தெறந்து இன்னொன்னு சொருகலாம், ஃபைல் எல்லாம் இருக்கற எஸ்எஸ்டி போச்சுன்னா வேற மாட்டலாம், கீபோர்டு கெட்டா பாசார் மாலாம் இரவுச் சந்தையிலயே கெடைக்கும். இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப்புல ரேம போர்டுலயே வச்சு ஒட்டிடறாங்க, கீபோர்டுல ஒரு எழுத்து வேலை செய்யலன்னா மேல் பாகம் முழுசா மாத்தணும்னு சொல்ற மாடலும் உண்டு. அதோட நம்ம தகரக் கூரை வீட்டு சூட்டுல நாள் முழுக்க சார்ஜ்ல குத்தியே வச்சா லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேஞ்சிடும், சிலது ஊதியும் போகும்.

கழுத்தையும் சொல்லணும். லேப்டாப்புல திரையும் கீபோர்டும் சேந்தே இருக்கு, கைக்கு சரியா வச்சா கண்ணு கீழ போகும். தனி மானிட்டர்னா மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி தூக்கி வச்சுக்கலாம். ஃபார்ம் ஃபைவ் முடிவுல வர்ற எஸ்பிஎம் பரீட்சை வருஷத்துல பிள்ளைங்க எவ்வளவு நேரம் ஒக்கார்றாங்கன்னு பெத்தவங்களுக்கே தெரியும்.

இப்ப டேப்லட்டு. இதுலதான் எனக்கு ஆசையே. பிள்ளைங்க கட்டுரைய போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்புவாங்க, நான் அத பிடிஎஃப் ஆக்கி, காலையில பசியாறிட்டு வாசல் நடைபாதை அஞ்சடியில ஒக்காந்து சிவப்பு மையில வட்டம் போட்டு பக்கத்துல எழுதி திருப்பி அனுப்பிடுவேன். ஒற்று விட்டிருக்கான்னா அந்த எடத்துலயே ‘க்’ போட்டுக் காட்டலாம், டைப் பண்ணி வெளக்கறத விட பிள்ளைக்கு டக்குன்னு வெளங்கும். நான் வச்சிருக்கறது சாம்சங் டேப் எஸ்6 லைட், 2020ல வந்த மாடல், பேனா பெட்டிக்குள்ளேயே வந்துச்சு, எழுதறதுக்கு அந்தப் பேனாவ சார்ஜ் பண்ண வேண்டியதே இல்ல, உள்ளங்கை திரையில பட்டாலும் கோடு விழாது. டேப்லட் வாங்கறவங்க மொதல்ல இதத்தான் கேக்கணும், பேனா கூடவே வருதா இல்ல அதுக்கு தனியா இன்னும் சில நூறு வெள்ளி அழணுமான்னு.

ரெண்டையும் வாங்கி சும்மா பக்கத்துல வச்சா மட்டும் சேராது, மாலைக்கு நாரு மாதிரி உள்ள ஒண்ணு ஓடணும். நான் சிங்திங் போட்டிருக்கேன், ரெண்டு பக்கமும் இருக்கற ஃபோல்டர தானா ஒண்ணா வச்சுக்கற ஆப், இலவசம், வீட்டு வைஃபைக்குள்ளயே ஓடும், இன்டர்நெட் அறுந்தாலும் கவலை இல்ல. ஆண்ட்ராய்டுல அதோட அதிகாரபூர்வ ஆப் 2024 கடைசியில நின்னுடுச்சு, சிங்திங் ஃபோர்க்னு இருக்கறத போடுங்க. ‘திருத்தணும்’னு ஒரு ஃபோல்டர், ‘திருத்தியாச்சு’ன்னு ஒரு ஃபோல்டர், மேசையில போட்டது கொஞ்ச நேரத்துல கையில இருக்கும், கையில திருத்தினது மேசைக்கு வந்துடும். ஒரே ஃபைல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தெறந்து மாத்தாதீங்க, சிங்க் கான்ஃபிளிக்ட்னு பேரு போட்டு இன்னொரு காப்பி வந்து நிக்கும், எது சரின்னு ஒக்காந்து தேடணும். ஒரு ஃபைல மட்டும் அனுப்பணும்னா லோக்கல்சென்ட் போதும். ஸ்பேஸ்டெஸ்க்னு ஒண்ணு இருக்கு, அது டேப்லட்டையே ரெண்டாவது மானிட்டரா மாத்திடும், பாடத்திட்டத்த அதுல தெறந்து வச்சுட்டு பெரிய திரையில கேள்வி அடிச்சா எவ்வளவு சுலபம்னு ஒரு தடவ செஞ்சு பாருங்க, வைஃபையில இழுத்தா கேபிள் போட்டுக்கலாம்.

தமிழ் டைப்பிங்க ரெண்டுலயும் ஒரே அமைப்பா வச்சுக்கங்க, இல்லன்னா விரல் குழம்பிடும். விண்டோஸ்லயே தமிழ்99 கீபோர்டு அமைப்பு இருக்கு, டேப்லட்டுல செல்லினம்னு தமிழ் கீபோர்டு ஆப் போட்டா அதுலயும் தமிழ்99 இருக்கு. செல்லினத்த செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரரு, 1980கள்ல இருந்தே முரசு அஞ்சல்ங்கற மென்பொருள் மூலமா தமிழ கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வந்தவரு. நம்ம பிள்ளைங்க இன்னும் தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுட்டு இருக்கறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, மேசையில ஒரு கீபோர்டு இருந்தாலே பழக்கிடலாம்.

கரண்டு விஷயத்துல லேப்டாப்புதான் கெட்டி, அத ஒத்துக்கணும். மதியம் இடி இடிச்சு கரண்டு போனா டெஸ்க்டாப் அப்படியே செத்துடும். அதனால கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில ஓட்டற 650 விஏ யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம், சின்ன ஆபீஸ் டெஸ்க்டாப்பும் மானிட்டரும்னா சேவ் பண்ணி முறையா அணைக்க நேரம் கெடைக்கும். பலத்த இடின்னா பிளக்கயே உருவிடுங்க, மோடம் பிளக்கையும் சேத்து. ஃபைபர் கண்ணாடி இழை, அது வழியா மின்னல் வராது, ஆனா பழைய செம்புக் கம்பி போன் லைன் இன்னும் இருக்கற வீட்டுல அதையும் கழட்டணும்.

ஆபீஸ் டெஸ்க்டாப்புல கேமரா இருக்காது. ஆன்லைன் வகுப்புக்கு நான் டேப்லட்டுல முகத்தக் காட்டிட்டு அதே மீட்டிங்ல டெஸ்க்டாப்ப வச்சு ஸ்கிரீன் ஷேர் பண்றேன், ஒண்ணுல மைக்கு ஸ்பீக்கரு ரெண்டையும் அணைச்சுடணும், இல்லன்னா ஊளை போடும்.

ஹாஸ்டலுக்குப் போற பிள்ளைக்கு மட்டும் நான் லேப்டாப்தான் சொல்வேன், அவங்களுக்கு மேசை எங்க நிலையா இருக்கப் போகுது. அப்புறம் காசு ஒரே மூச்சுல இல்லன்னா டெஸ்க்டாப்ப முந்தி எடுங்க, டேப்லட் போனஸ் வந்தப்புறம் எடுத்துக்கலாம். கடையில காசு கொடுக்கறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் கேளுங்க. ஆபீஸ்ல கேபிள்ல ஓடினதால பல டெஸ்க்டாப்புல வைஃபை கார்டே இருக்காது, யூஎஸ்பி வைஃபை ஒண்ணு சேத்துத் தர முடியுமா. இன்னொன்னு, சில மாடல்ல பின்னால டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது, உங்க மானிட்டருக்கு ஏத்த கேபிள அங்கயே வாங்கிடுங்க, இங்க வந்து தேடினா கெடைக்காது.