சுவர் நம்முடையது, படம்?

சொந்தச் சுவரில் ஓவியம் வரைய நகர நிர்வாகத்திடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? சிக்கல், ஓவியம் எது, விளம்பரம் எது என்பதில்தான். சுவரில் செருப்பை வரைந்தால் கலை. கீழே செருப்புக் கடை இருந்தால் அதே படம் விளம்பரம்! இந்தக் குழப்பத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தனியார் கட்டடங்களில் புதிய சுவரோவியங்களையே பத்தாண்டுக்கு மேல் தடுத்து வைத்திருந்தது. 2013இல்தான் தடை நீங்கியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

அழிப்பதும் அவ்வளவு எளிதல்ல. நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டட ஓவியங்கள்மீது 2013இல் உரிமையாளர் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். ஓவியரின் படைப்பை அழிவிலிருந்து காக்கும் 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தர 2018இல் தீர்ப்பானது.

வரையும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள் என்றால் ஓவிய நண்பர்கள் சிரிக்கிறார்கள்.