கழற்றிய பிறகு எதை மாட்டுவது?

திரும்பப் பெறும் அறிவிப்பின் கட்டளை தெளிவானது: பைக்குகளுக்கென்று நாங்கள் தனியாக விற்ற பின்பக்க ஷாக் அப்சார்பர்களில், குறிப்பிட்ட வரிசை எண்களுக்குள் வருவது எதுவானாலும், குறை கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கழற்றப்பட வேண்டும். ஷாக்குக்குள் ஏறி இறங்கும் டேம்பர் தண்டை, வண்டியில் பொருத்தும் வளையமான கீழ்க்கண்ணோடு சேர்க்கும் மரையில் பசை சரியாகப் பிடிக்காமல் போன தொகுதி அது. மரை தளர்ந்து தண்டு கழன்றுவிட்டால், பின்னால் ஒரே ஷாக் உள்ள மோனோஷாக் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்க வேறொன்றும் இல்லை; பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்ம் மடங்கி டயர் மட்கார்டில் உரசும். இதையெல்லாம் ஒரு வாடிக்கையாளரிடம் பொறுமையாகவே விளக்கினேன். தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் அவர்.

"மாத்து எப்ப சார் வரும்?" என்றார். கப்பலில் வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றேன். வண்டியோடு வந்த ஷாக்கை அவர் எப்போதோ விற்றுவிட்டிருந்தார். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு, "பணத்தை வெச்சா வண்டி நிக்குமா சார்?" என்றார்.

அப்போதுதான் மெக்கானிக் அண்ணன் குறுக்கிட்டு, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் அதே மாடல் வண்டியோடு வரும் கம்பெனி ஷாக் பழையதாகக் கிடைக்கும், போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆயில் லீக் இல்லாமப் பாத்து எடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். இதை அனுமதி என்பதா, முன்னெச்சரிக்கை என்பதா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கழற்றிய ஷாக்கில் மரைமீது இட்டிருந்த பெயிண்ட் கோடு விலகாமல் இருந்தது; அதாவது மரை தளரவில்லை. இழுத்துப் பார்த்தும் ஆட்டமில்லை. வந்து சேர்ந்த பழைய ஷாக்கிலும் கசிவில்லை, தண்டில் குழியில்லை, புஷ் தளரவில்லை. ஆனால் அது எந்த வண்டியில் எத்தனை ஆண்டு ஓடியது, அந்த வண்டி ஏன் உடைப்புக்கு வந்தது, விபத்தில் சிக்கியதா என்பதை விற்றவரும் அறிய மாட்டார். குறை இன்னதென்று தெரிந்த பொருளை எடுத்துவிட்டு, எதுவுமே தெரியாத பொருளை மாட்டி அனுப்பினோம். பதிவேட்டில் 'அகற்றப்பட்டது' என்ற கட்டம் நிரம்பியது; பதிலுக்கு என்ன மாட்டப்பட்டது என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

என் தரப்பிலும் நியாயம் உண்டு. மாட்டிய பழைய ஷாக் அந்த வண்டிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. திரும்பப் பெறக் காரணமான குறை அதில் இல்லை. நான் தடுத்திருந்தால் அவர் பழுதான ஷாக்கோடே வண்டலூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே போயிருப்பார். ஆனால் 'எப்படியும் ஓட்டியிருப்பார்' என்ற வாதத்தை வைத்துக்கொண்டு எதைத்தான் நியாயப்படுத்த முடியாது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 110ஏ பிரிவு, குறை உதிரிபாகத்தில் இருந்தால் அது பொருத்தப்பட்ட எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்க உத்தரவிட இடம் தருகிறது. வண்டி நிறுவனத்திடம் சேசிஸ் எண் இருக்கிறது, அதனால் தேட முடியும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கைமாறும் உதிரிபாகம் எந்த வண்டியில் போய் உட்கார்ந்தது என்பதை யாரிடம் கேட்பது? இந்த வாடிக்கையாளர் வாரண்டி அட்டையை நிரப்பி அனுப்பியிருந்ததால் அகப்பட்டார். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் ஆணையிட வழி செய்கிறது. மிக்ஸிக்கு அது போதும். பழுதான மிக்ஸியைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் அம்மியில் அரைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய ஷாக்கினுள் அழுத்தத்தில் இருந்த நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, விதிப்படி வெட்டிப் போட்டோம். "நல்லா இருக்கறத வெட்டறீங்களே தம்பி" என்று அண்ணன் வருத்தப்பட்டார். இது புதுப்பேட்டைக்குப் போய்விடக் கூடாது, அதனால்தான் என்றேன். அன்று காலையில்தான் அங்கிருந்து ஒன்றை வாங்கி வந்திருந்தோம் என்பதை இருவருமே பேசவில்லை.

மாற்று வந்ததும் அவரை அழைத்தேன். "இதுவே நல்லா ஓடுது சார், பணமாவே குடுத்துடுங்க" என்றார், கொடுத்தோம். பழைய ஷாக்கை ஒருமுறை சோதிக்க வரச் சொல்லலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "நாம விக்காத பொருளுக்கு நாம ஏன்ப்பா பேசணும்? பேசினா பொறுப்பு நம்ம மேல வரும்" என்றார். அவர் சொன்னதில் சட்டப்படி பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. மேலாளரைக் கேட்காமலேயே வாடிக்கையாளரை அழைத்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். அழைத்து எதைச் சொல்லியிருப்பேன் என்றும் சில நாள் நினைக்கிறேன்.