கடற்பாசியின் சொந்தங்கள் நம் மலையில்

தேயிலையைப் பிடிக்கும் செந்துருவைப் பலரும் பூஞ்சணம் என்றே நினைக்கிறார்கள். அது செபலியூரஸ் என்னும் பச்சைப்பாசி. கடற்கரைப் பாறையில் மெல்லிய பச்சை இலையாக ஒட்டியிருக்கும் உல்வாவோடு அதை உல்வோபைசே என்ற ஒரே வகுப்பில் வைக்கிறார்கள். ஈரமான சுவரிலும் மரப்பட்டையிலும் காவி நிறத்தில் படரும் ட்ரென்டிபோலியாவும் இந்தக் கூட்டம்தான். கொஞ்சம் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: இழைகளுக்குள் செம்மஞ்சள் எண்ணெய்த் துளிகள் தெரியும். அந்தக் கரோட்டின்தான் பச்சையத்தை மறைக்கிறது.

பாசிகளை நிறத்தை வைத்து வகுத்தவர் வில்லியம் ஹார்வி, 1836இல். பச்சை, சிவப்பு, கபிலம் என்ற பிரிவு இன்றும் நிற்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் நிறம் போதாது, நிறப்பொருளையும் சேமிப்புணவையும் பார்க்க வேண்டும். பச்சைப்பாசியில் குளோரபில் ஏ, பி, மாப்பொருள்; தேயிலைச் செடியிலும் இவையே. அகார் தருவது செம்பாசி. கபிலப்பாசியில் குளோரபில் ஏ, சி, பியூகோசாந்தின் என்ற நிறப்பொருள், மாப்பொருளுக்குப் பதில் லமினாரின். சர்காசம் என்னும் கபிலப்பாசியின் துண்டொன்றைக் கொதிநீரில் போட்டால் பச்சையாக மாறும்: சூட்டில் பியூகோசாந்தின் புரதத்தை விட்டுப் பிரிவதால் அதன் கபிலம் போய்விடுகிறது. நீலப்பச்சைப்பாசியோ பற்றீரியா, தனிக் கதை.

கபிலப்பாசிக்கும் பச்சைப்பாசிக்கும் உறவு மிகத் தூரம். கபிலப்பாசியின் கிளையில் இருப்பவை டயட்டம் என்னும் ஒருகல நுண்பாசிகளும், வெலிமடை, நுவரெலியா உருளைக்கிழங்கைக் கருக்கும் பிந்திய வெளிறல் கிருமி பைட்டோப்தோராவும்தான். இந்தக் கிருமியும் பூஞ்சணமல்ல. அதன் கலச்சுவரில் செலுலோசு இருக்கிறது. பூஞ்சணங்களின் கலமென்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரோலை அது தயாரிப்பதில்லை. அதனால் எர்கோஸ்டெரோல் உருவாவதைத் தடுக்கும் அசோல் மருந்துகளை அடித்தால் காசுதான் நட்டம். மெற்றலக்சில் என்ற மருந்துக்குக் கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப அதையே அடித்தால் எதிர்ப்புள்ள வகை பெருகிவிடும். மான்கோசெப் போன்ற பாதுகாப்பு மருந்தை, இலையில் நோய் தெரியும் முன்பே, மழைக்கு முந்தி அடிக்க வேண்டும்.

செந்துருவுக்குச் செம்பு மருந்து உண்டு. ஆனால் செந்துரு பிடிப்பது நலிந்த செடியைத்தான்: தண்ணீர் தேங்கும் நிலம், பொட்டாஷ் குறைவு, நிழல் மரம் இல்லாத மலை. வடிகால் கானைத் துப்புரவாக்கி, பொட்டாஷ் போட்டு, கவ்வாத்தின்போது நோய்பட்ட கிளையை வெட்டி அகற்றாமல் மருந்தை மட்டும் அடித்தால், அடுத்த மழையில் திரும்பவும் வரும்.