வேலை மாறும்போது சான்றிதழ் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை மாற நினைப்பவர்களில் பலர், எந்த வகை நிறுவனத்துக்குப் போகப் போகிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே ஏதேனும் ஒரு சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த வரிசை தலைகீழானது.

வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களில்தான் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அமேசான், மைக்ரோசாப்ட், சிஸ்கோ போன்றவை, தங்கள் தொழில்நுட்பத்தை வாடிக்கையாளர்களிடம் கொண்டுசெல்லும் பார்ட்னர் நிறுவனங்களுக்குத் தகுதி வழங்கும்போது, அங்கே சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்கின்றன. அந்த எண்ணிக்கைக்கு ஆள் குறையும் நிறுவனம், சான்றிதழோடு வருபவருக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்க முன்வரும். சம்பளம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. சொந்த மென்பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனத்திலோ, அதே சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விகூட வராமல் நேர்முகத் தேர்வு முடிந்துவிடலாம்.

எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. தகவல் பாதுகாப்புக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அந்தத் தேர்வு வகுத்திருக்கும் எட்டுப் பிரிவுகளில் இரண்டிலாவது மொத்தம் 5 ஆண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும் (உரிய பட்டப்படிப்பு இருந்தால் அதில் ஓராண்டு கழியும்). பல சர்வர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளுக்கான சி.கே.ஏ. தேர்வில் 2 மணி நேரம் கட்டளை வரியில் நேரடியாக வேலை செய்து காட்ட வேண்டும். விடைகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளை மனப்பாடம் செய்தே கடந்துவிடலாம் என்பது நேர்காணல் நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வர் அப்டேட்டைப் பதிவிறக்க முடியாமல் நிற்கிறது, முதலில் எங்கே பார்ப்பீர்கள்?" தரவு போகும் பாதையைச் சொல்லும் ரூட் டேபிளில், சர்வரை இணையத்துக்கு இட்டுச்செல்லும் நாட் கேட்வேக்கு வழி இருக்கிறதா, அந்த கேட்வே இணையத் தொடர்புள்ள பப்ளிக் சப்நெட்டில்தான் இருக்கிறதா, காவல் வேலை பார்க்கும் செக்யூரிட்டி குரூப் வெளியே விடுகிறதா என்று வரிசையாகச் சொல்பவருக்குச் சான்றிதழ் கூடுதல் பலம், திணறுபவருக்கு அதுவே பாதகமாகிவிடுகிறது.

காலாவதித் தேதியையும் கவனிக்க வேண்டும். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சான்றிதழ்களும், சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.வும் 3 ஆண்டுகள் செல்லும். சி.கே.ஏ. செல்லும் காலம் 2024 ஏப்ரலிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. மைக்ரோசாப்டின் அசோசியேட் எனப்படும் இடைநிலைச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது இலவசம், வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம்.

தேர்வுக் கட்டணத்தை இப்போதைய நிறுவனம் கட்டியிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தால், அந்தத் தொகையைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்று கேட்பதில் தவறில்லை. சான்றிதழ் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றாலும், அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தால், வேலையை விட்ட பிறகு அந்தக் கணக்குக்குள் நுழைவதே பெரும்பாடாகிவிடும். சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றும் வேலையை நோட்டீஸ் காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.