அசோர்ஸ் தீவுகளுக்கு அக்டோபர் கடைசியில் போங்கள்

லிஸ்பனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலின் ஒன்பது எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. நடக்கவும் திமிங்கலம் பார்க்கவும் அசோர்ஸுக்கு எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும் நான் அக்டோபர் கடைசி வாரத்தைத்தான் சொல்கிறேன். பொதுவாகச் சொல்லும் மாதங்கள் வேறு: நீலத் திமிங்கலத்துக்கு ஏப்ரல், மே; வெயிலுக்கு ஜூலை, ஆகஸ்ட். அக்டோபரில் மழை உண்டு, மேகம் இறங்கிவிட்டால் 2,351 மீட்டர் உயரமுள்ள பிக்கோ மலையே காணாமல் போய்விடும். ஆனால் அப்போதுதான் ககார்ரோ குஞ்சுகள் கடலுக்குக் கிளம்புகின்றன.

ககார்ரோ ஒரு கடற்பறவை. உலகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி இந்தத் தீவுகளின் பொந்துகளில்தான் முட்டையிடுகின்றன, அதுவும் வருஷத்துக்கு ஒரே முட்டை. தாயும் தகப்பனும் முன்னாலேயே போய்விட, குஞ்சு ஓர் இரவில் தனியாகப் பறந்து கிளம்பும். தெருவிளக்கு வெளிச்சத்தில் திசை குழம்பி ரோட்டில் விழுந்துவிட்டால் மறுபடி எழும்ப முடியாமல் தவிக்கும், வண்டியில் அடிபடும். இதற்காகவே 1995 முதல் 'எஸ்ஓஎஸ் ககார்ரோ' என்ற இயக்கம் நடக்கிறது: தீவு மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, ராத்திரியில் டார்ச்சோடு தேடிப்போய்க் குஞ்சுகளை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து, விடிந்ததும் கடலோரத்தில் விடுகிறார்கள். வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம். பிக்கோ மலை இருக்கும் பிக்கோ தீவில் நானும் போனேன். துண்டைப் போர்த்தித் தூக்கும்போது அதன் நெஞ்சு துடிப்பது கையில் தெரிகிறது, அலகால் நன்றாகக் கொத்தவும் செய்கிறது. தீனியோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. காலையில் கரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும், அதுவாகவே தண்ணீருக்குப் போய்விடும். எவ்வளவோ காட்டுயிர்ப் பயணங்களில் நாம் பார்க்க மட்டும்தான் போகிறோம். இங்கே நம்மால் ஆன ஒரு வேலையும் இருக்கிறது.

பகலில் நடக்கலாம். எனக்குப் பிடித்த பாதை, பிக்கோவிலிருந்து படகில் போகக்கூடிய சாவ் ஜோர்ஜ் தீவில் இருக்கிறது. செர்ரா டோ தோப்போ மேட்டிலிருந்து இறங்கினால், மலைச்சரிவு கடலில் சரிந்து உண்டான சாந்தோ கிறிஸ்தோ என்ற சமதரையும், பக்கத்திலேயே மட்டி விளையும் ஒரு காயலும். அங்கே கார் போகாது. அப்படியே கரையோரமாக கூப்ரெஸ் வரை நடந்தால் மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். வழியில் மஞ்சள் பூவோடு செழித்து நிற்கும் இஞ்சிச் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். அது நம் இமயமலைப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது தீவின் சொந்தக் காட்டையே அமுக்கிக்கொண்டிருக்கிறது. சாவ் மிகேல் தீவின் கிழக்குக் காட்டில் மட்டுமே வாழும் பிரியோலோ என்ற சின்னப் பறவை ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போனதற்கு இப்படிப் பரவிய செடிகளும் ஒரு காரணம்.

திமிங்கலமா? ஸ்பெர்ம் திமிங்கலம் வருஷம் முழுக்க உண்டு. 1980கள் வரை வேட்டைக்காரர்களுக்காகக் குன்றின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்த அதே காவல் குடில்களிலிருந்துதான் இப்போது சுற்றுலாப் படகுகளுக்குத் தகவல் போகிறது. அலை அதிகமானால் படகு ரத்தாகும், அதனால் கையில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பையில் ஒரு டார்ச்சும் பழைய துண்டும் இருக்கட்டும். ராத்திரி வண்டி ஓட்டினால் மெதுவாக ஓட்டுங்கள்.